கயிறும் கையெழுத்தும்

2007 இல் வெல்லாவெளியை விட்டு இடம்பெயர்ந்தபோது அம்பிளிபயரை உரப்பையில் சுற்றிச் சுமந்தேன். கணவர் விட்டுச்சென்ற தொழில் அதுதான்.

ஒரு திருவிழா இரவு இசைக்குழு பாட, பொடியன்கள் ஆடியபடி மேடையை நெருக்கினார்கள். யாரோ வயரில் இடற, ஸ்பீக்கர் பெட்டி சரிந்தது. திருத்துவதற்குக் காப்பை ஈடு வைத்தேன்.

இப்போது வயரை நிலத்தில் விடுவதில்லை. கம்பு நட்டு மேலால் இழுப்பேன். பெட்டியைத் தூணோடு கயிற்றால் கட்டுவேன். மிக்சரைச் சுற்றி வாங்கு போட்டு ஊர்ப் பெரியம்மாமாரை இருத்துவேன். அவர்களைத் தள்ள எந்தப் பொடியனுக்கும் துணிவில்லை! குழப்பம் வந்தால் சத்தத்தைச் சட்டென நிறுத்தமாட்டேன், ஆத்திரம் கூடும். மெல்லத்தான் குறைப்பேன்.

சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பென்று கையெழுத்தும் கேட்கிறேன்.

“தங்கச்சி, எங்களை நம்பமாட்டியா?” என்றார் ஒரு தலைவர்.

“நம்புறன் அண்ணன். கையெழுத்தையும் போடுங்க.”

போட்டார்.