யார் எண்ணியது?

போன கோடை விடுமுறையில் அம்மா வீட்டுப் பரணை ஒழித்தபோது என்னுடைய பி.எஸ்ஸி. முதலாண்டு அப்சர்வேஷன் நோட்டு கிடைத்தது. 1994இல் எழுதியது. அட்டை போட்டு லேபிள் ஒட்டிய ரெக்கார்டு நோட்டு அல்ல; லேபில் நின்றுகொண்டே பென்சிலால் கிறுக்கிய நோட்டு. மூன்றாவது பக்கத்தில் தனி ஊசல் சோதனை. பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு.

அந்தக் கோடு விழுந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வகுப்பில் நாங்கள் நான்கே பெண்கள். இரண்டு பேருக்கு ஒரு ஊசல். என்னோடு சோதனை செய்த பையன் அலைவுகளை எண்ணினான், நான் ஸ்டாப் வாட்சைப் பிடித்திருந்தேன். சாவி கொடுத்து ஓட்டும் கனமான வாட்ச். அப்படி ஒரு கருவியை அதற்குமுன் நான் தொட்டதுகூட இல்லை. நூலின் நீளத்தை 60, 80, 100 செ.மீ. என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் இருபது அலைவுக்கு எத்தனை வினாடி ஆகிறதென்று குறிக்க வேண்டும். அதிலிருந்து ஈர்ப்பு முடுக்கம், அதாவது ஜி, கிடைக்கும். அது 980ஐ ஒட்டி வர வேண்டும். எங்களுக்கு 1088 வந்தது.

சார் நோட்டை வாங்கிப் பார்த்தார். "வாட்ச் பிடிச்சது யாரு?" என்றார். நான் கையைத் தூக்கினேன். "அதானே பார்த்தேன். பொம்பளப் புள்ள கையில வாட்சைக் குடுத்தா இப்படித்தான். பயத்துல கை நடுங்குது." லேபே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது என்று தெரியாமல். வாட்ச் கை மாறியது. அதன்பின் மூன்று வருடமும் நான் ரீடிங்கை எழுதுகிறவள், கிராஃப் போடுகிறவள், எல்லோருக்கும் ரெக்கார்டு நோட்டுக் கடன் கொடுக்கிறவள். "உன் கையெழுத்து அழகா இருக்கு" என்பார்கள். கை அதற்கு மட்டும் நடுங்கவில்லை போலும்.

அந்த வாரமே ரெக்கார்டில் வேறு எண்களை எழுதினேன். 980இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நூறு செ.மீ. நீளத்துக்கு 40.1 வினாடி என்று வருவித்து, சந்தேகம் வராதபடி ஒரு ரீடிங்கை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதினேன். பத்துக்குப் பத்து மார்க்.

பிறகு நானே இயற்பியல் ஆசிரியை ஆனேன். பெண்கள் கல்லூரி ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேலாக அதே ஊசலைத்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் பரணடியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்க்கும்வரை, அன்றைக்கு என் கைதான் நடுங்கியது என்று நானும் நம்பியிருந்தேன்.

நூறு செ.மீ. நீளத்துக்கு நான் எடுத்திருந்த மூன்று ரீடிங்குகள்: 38.1, 38.0, 38.2. அந்த வாட்சில் பார்க்கக்கூடிய மிகச் சிறிய அளவே 0.1 வினாடிதான். நடுங்கும் கை இப்படி ஒன்றையொன்று ஒட்டிய ரீடிங்குகளைத் தராது. ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவுமாகச் சிதறும். அதைத்தான் ஒழுங்கற்ற பிழை என்கிறோம். என் பிழை ஒரே திசையில் இருந்தது. வர வேண்டிய நேரத்தைவிட 100 செ.மீ.க்கு 2.0 வினாடி குறைவு, 80க்கு 1.8, 60க்கு 1.6. நூல் நீள நீள, குறையும் கூடியிருக்கிறது. தாமதம் என் கையில் இருந்திருந்தால் எல்லா நீளத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்திருக்கும். நூல் எவ்வளவு நீளம் என்பது என் விரலுக்கு எப்படித் தெரியும்?

2.0, 1.8, 1.6 என்பவை அந்தந்த நீளத்தில் ஊசல் ஒரு முறை போய்வர எடுக்கும் நேரம். இருபது அலைவு என்று நாங்கள் குறித்தது பத்தொன்பதுதான். வாட்சை ஓடவிட்ட அந்தக் கணத்தில் அவன் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கிறான். "பூஜ்யம்" என்று தொடங்கியிருக்க வேண்டும். பத்தொன்பதால் வகுத்துப் பார்த்தேன். 982 வந்தது.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. என் மாணவிகளும் முதல் நாள் "ஒன்று" என்றுதான் தொடங்குகிறார்கள். யார் எண்ணியது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம். அந்தக் கேள்வி எனக்கும் தோன்றவில்லை.

நேரம் அளப்பதில் கையின் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஏறக்குறைய 0.2 வினாடி போய்விடும். அதனால்தான் ஒரே ஒரு அலைவை அளப்பதில்லை. இரண்டு வினாடியில் 0.2 என்றால் பத்தில் ஒரு பங்கு. நாற்பது வினாடியில் அது இருநூறில் ஒரு பங்கு. குண்டு ஓரத்தில் திரும்பும்போது எண்ணாமல் நடுவே கடக்கும்போது எண்ணுவதும் இதற்காகத்தான். ஓரத்தில் அது தயங்கி நிற்கும். நடுவில்தான் வேகமாகப் போகும், கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். செல்போன் ஸ்டாப் வாட்ச் 0.01 வரை காட்டுகிறதே என்று மயங்க வேண்டாம். விரல் அவ்வளவு துல்லியமில்லை.

இன்னொன்றும் உண்டு. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரே அளவு தாமதித்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். மெதுவான கையால் ரீடிங் கெடுவதில்லை. ஒருமுறை ஒருவிதமாகவும் மறுமுறை வேறுவிதமாகவும் அழுத்தினால்தான் கெடும். மேலிருந்து கல்லை விட்டு அளக்கும்போது மட்டும் இந்தச் சலுகை கிடையாது. விடும் கணம் திடீரென்று வரும், விழும் கணத்துக்கு நாம் தயாராக இருப்போம். இரண்டு தாமதமும் சமமாக இராது.

இதை வகுப்பில் ஸ்கேலை வைத்துக் காட்டுவேன். ஒருத்தி ஸ்கேலை விட, இன்னொருத்தி பிடிக்க வேண்டும். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால் தாமதம் 0.2 வினாடி. போன மாதம் ஒரு பெண் ஒவ்வொரு முறையும் 30 செ.மீ.யில்தான் பிடித்தாள். கால் வினாடி. "எனக்குக் கை மந்தம் மேடம்" என்று அவளே சிரித்துக்கொண்டாள். விசாரித்தேன். விடிகாலை நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வருமாம். பிடித்துவைத்து, சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறாள். தூக்கம் குறைந்தால் யாருடைய கையும் மந்தமாகத்தான் செய்யும். அவளிடமே வாட்சைக் கொடுத்தேன். நூறு செ.மீ.க்கு 40.2, 40.3, 40.1 என்று எடுத்தாள்.

கிரீனிச் வானாய்வகத்தில் கின்னப்ரூக் என்றொரு உதவியாளர் இருந்தார். கடிகாரத்தின் டிக் டிக்கைக் காதால் கேட்டபடியே, தொலைநோக்கிக்குள் நட்சத்திரம் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் கண்ணால் பார்த்துக் குறிப்பது அவர் வேலை. அவருடைய நேரமும் தலைமை வானியலாளர் மாஸ்கலினின் நேரமும் 0.8 வினாடி வரை வேறுபட்டன. 1796இல் கின்னப்ரூக்குக்கு வேலை போனது. 1820களில் பெஸ்ஸல் என்ற ஜெர்மன் வானியலாளர் இதை எடுத்து ஆராய்ந்தார். பெயர்பெற்ற வானியலாளர்களுக்கு இடையிலும் இப்படி வேறுபாடு இருப்பதைக் கண்டார். சில ஜோடிகளுக்கு அது ஒரு வினாடியையும் தாண்டியது. ஆளுக்கு ஆள் மாறும் இந்த வேறுபாட்டை அளந்து, கணக்கில் சேர்த்துத் திருத்தும் பழக்கம் அதன்பின் வந்தது. கின்னப்ரூக்குக்கு நடந்தது அநியாயம். ஆனால் அவர் தாமதித்ததை வைத்து, ஆண்கள் கையே மெதுவு என்று யாரும் முடிவுகட்டவில்லை.

பரணிலிருந்து எடுத்த நோட்டில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே 982 என்று எழுதினேன். ரீடிங் 0.1 வினாடி முன்னே பின்னே இருந்தால் ஜி சுமார் 5 மாறும். அதையும் சேர்த்து எழுதினேன். தமிழ்நாட்டில் ஜி உண்மையில் 978ஐ ஒட்டித்தான் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய என் கை அதை எட்டித்தான் பிடித்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு நான் அழகாக எழுதிய ரெக்கார்டுதான் பொய்.

இப்போது ரெக்கார்டோடு பென்சில் நோட்டையும் சேர்த்தே வாங்குகிறேன். பல்கலைக்கழகத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிறவர் 980ஐத்தான் எதிர்பார்ப்பார். ஒன்றிரண்டு மார்க் குறையலாம். இதை மறைக்காமல் மாணவிகளிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நாலரை மணித் தண்ணீர்க்காரி கணக்கை முடித்துவிட்டு வந்து நின்றாள். "மேடம், 977 வருது. 980ன்னு எழுதிடட்டுமா?"

"வந்ததை எழுதும்மா. எவ்வளவு முன்னப்பின்ன இருக்கலாம்னு பக்கத்துலயே எழுது."

"மார்க்?"

"கேட்டா, எண்ணினது நான், வாட்ச் பிடிச்சதும் நான், பூஜ்யத்துலேர்ந்துதான் எண்ணினேன்னு சொல்லு."