இஸ்திரின்னா யாரு?

கோடம்பாக்கம் யுனைடெட் இந்தியா காலனிப் பக்கம் வந்திருக்கீங்களா? அங்கே ஒரு வேப்பமரத்தடியில நிக்கிற இஸ்திரி வண்டி எங்களோடது. அப்பா சைக்கிள்ல வீடு வீடாப் போய் துணி வாங்கிட்டு வருவார். ஏழு கிலோ கரிப் பெட்டியைத் தூக்கித் தேய்க்கிறது அம்மா. ஆனா, வண்டியில எழுதியிருக்கிறது அப்பா பேர் மட்டும்தான்!

நான் மட்டும் ஒழுங்கா என்ன? காலேஜ் அப்ளிகேஷன்ல அப்பாவுக்கு 'சுயதொழில்'னு போட்டேன். 'தாயின் தொழில்'ங்கிற இடத்துல 'இல்லத்தரசி'. இஸ்திரின்னு எழுதக் கூச்சம்.

போன வருஷம், சும்மா ஒரு ஆர்வத்துல இந்தோனேசிய மொழி கத்துக்க ஆரம்பிச்சேன். மூணாவது பாடத்துலயே தூக்கிவாரிப் போட்டுச்சு. அங்கே 'இஸ்த்ரி'ன்னா மனைவி! புருஷனுக்குப் பேர் 'சுவாமி'. மலாய் மொழியிலயும் அப்படியேதான். ஜாவா மொழியில 'எஸ்த்ரி'ன்னா பெண். எல்லாமே சமஸ்கிருத 'ஸ்த்ரீ'யோட சொந்தக்காரங்க. பாலி மொழியில அதுவே 'இத்தி'ன்னு குழைஞ்சு நிக்குது. சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி நாடகக் கம்பெனியில சிவாஜி கணேசன் 'ஸ்திரீ பார்ட்' போட்டாரே... அந்த ஸ்திரீயும் இதேதான்.

அப்போ நம்ம இஸ்திரிப் பெட்டி? அது வேற குடும்பம் பாஸ்! போர்ச்சுகீசிய மொழியில 'எஸ்திரார்'னா இழுத்து விரிக்கிறது. ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் வந்த அதே வழியில வந்த வார்த்தை. இந்தோனேசியாவுல தேய்க்கிற பெட்டிக்கு 'செத்ரிக்கா'ன்னு பேர். அது அங்கே ஆண்ட டச்சுக்காரங்க விட்டுட்டுப் போனது.

ஆக, மனைவி இஸ்த்ரிக்கும் துணி இஸ்திரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனா, எங்க வண்டியில ரெண்டும் ஒரே ஆளா நிக்குதே! தெருவுல அம்மாவுக்குப் பேரு 'இஸ்திரிக்காரர் சம்சாரம்'. சம்சாரம் எல்லார் கண்ணுக்கும் தெரியுது. தேய்க்கிற ஆள்தான் தெரியலை. கூடவே இருக்கிற எனக்கே தெரியலையே!

அம்மாகிட்ட சொன்னேன். "அப்போ அந்த ஊர்ல இஸ்திரி எங்கேன்னு கேட்டா பொண்டாட்டியைக் காட்டுவாங்களா?"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் கரியை ஊதிக்கிட்டே, "இங்கே மட்டும் வேற யாரைக் காட்டுறாங்களாம்?"னாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

இந்த வருஷம் ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல, 'தாயின் தொழில்: துணி தேய்த்தல்'னு எழுதிட்டேன். வண்டியில அம்மா பேர் இன்னும் ஏறலை. பெயின்ட் வாங்கி வெச்சாச்சு.

அதுசரி, உங்க ஃபார்ம்ல 'தாயின் தொழில்'னு என்ன எழுதியிருக்கீங்க?