ஓநாய்க்கு விட்ட பங்கு

பாணசவாடி, பெங்களூரு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

அன்றைக்குப் போனில் சரியாகப் பேச முடியவில்லை. பட்டிக்குள் தெருநாய்கள் புகுந்து பதினோரு செம்மறியைக் கடித்துப் போட்டதைச் சொல்லிவிட்டு, "இதுக்கு ஓநாயே தேவலாம்டா" என்றீர்களே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் ஓநாய் அப்பாரு சொன்ன கதையோடு சரி. நீங்களும் கண்ணால் பார்த்ததில்லை.

போன வாரம் வேலையாகப் பாவகடா போனேன். 13,000 ஏக்கரில் சோலார் பலகைகள். நிலம் கொடுத்த விவசாயிக்கு வருஷக் குத்தகை வந்துவிடுகிறது. அதே நிலத்தில் அறுப்பு முடிந்ததும் ஆடு மேய்த்தவனுக்கு வேலியைச் சுற்றிக்கொண்டு போகிற வழிதான். அப்படிப் போய்க்கொண்டிருந்த குருபர் என்கிற கன்னட ஆட்டிடையர்களின் மந்தை ஒன்று ரோட்டோரக் காட்டில் கிடை போட்டிருந்தது. காரை நிறுத்திவிட்டேன்.

கன்னடத்தில் ஓநாயைத் 'தோள' என்கிறார்கள். மந்தைக்காரப் பெரியவரிடம் என் அரைகுறைக் கன்னடத்தில் நீங்கள் சொன்னதையே கேட்டேன். சிரித்தார். தோளனுக்கும் மந்தையில் ஒரு பங்கு உண்டு, அதைக் கணக்கில் வைத்துத்தான் ஆடு வளர்க்கிறோம் என்றார். ஆனால் உருகிப் பேசவில்லை. ஒரு தோளன் எதிரே நின்று நாய்களை இழுத்துக்கொண்டு ஓடுமாம், இன்னொன்று பின்னால் வந்து குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விடுமாம். மேய்ச்சலில் என்றால் ஒரு ஆட்டோடு போகும். ஓட இடமில்லாத பட்டிக்குள் புகுந்தால் அதுவும் நாலைந்தைக் கொன்றுதான் போடும். ஆக, நீங்கள் சொன்னது பாதிதான் சரி, சித்தப்பா.

அரசு நிவாரணம் உண்டே என்றேன். செத்த ஆட்டைக் காட்டினால்தானே பணம்? தோளன் குட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. இவர்களோ மறுநாள் அடுத்த ஊரில் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தில்தான் சிலர் குகைக்குப் புகை போட்டுக் குட்டிகளைக் கொல்வதும், செத்த ஆட்டில் விஷம் வைப்பதும். விஷம் வைத்தால் முதலில் சாவது தன் காவல்நாய்தான் என்றார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓநாய் புலியோடு முதல் அட்டவணையில் இருப்பது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

கொப்பள் மாவட்டம் கங்காவதி தாலுகாவில் பங்காபுரத்தை ஓநாய் சரணாலயமாக்கியிருக்கிறார்கள். 822 ஏக்கர். ஓநாய்க்கு அது ஒரு ராத்திரி நடைக்குக்கூடக் காணாது. எல்லை தாண்டினால் மறுபடி இவரைப் போன்றவர்களின் மந்தைதான். வெளிமான் நிறைய இருந்தால் அதைத் தின்னும். அது அற்றுப்போன இடத்தில் ஆட்டை விட்டால் வேறென்ன கிடைக்கும்?

அவருடைய பெரிய கவலையும் உங்களுடையதுதான்: தெருநாய். கூட்டமாக வந்து, பசிக்கு இல்லாமல் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. ஓநாய்க்கு நோயைக் கொடுப்பதும், அதோடு கலந்து இனத்தையே குழப்புவதும் அதே நாய்தான்.

நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைச் சுற்றியுள்ள கிளுவை வேலி, ஆடு வெளியே போகாமல் இருக்கப் போட்டது. நாயை அது தடுக்காது. குருபர்கள் ராத்திரியில் மந்தையைச் சுற்றி வலை கட்டி, குட்டிகளைத் தனியாக அடைத்து, வெளியே நாய்களோடு படுத்துக்கொள்கிறார்கள். அந்த வலை எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். கூடவே இரண்டு நாய்க்குட்டியும் வளர்க்கலாம் என்று சித்தியிடம் நீங்களே பேச்செடுங்கள், என்னால் ஆகாது.

அன்றைக்குக் கால் ஒடிந்த அந்தப் பெட்டை ஆடு பிழைத்துக்கொண்டதா?

அன்புடன்,
செந்தில்