எதிராளி வாங்கித் தந்த தீர்ப்பு

மம்சாபுரத்தை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், அம்பேத்கர் பிறந்தநாளுக்குத் தெருவில் திரை கட்டிப் படம் காட்ட இளைஞர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். படம், ஷியாம் பெனகலின் ‘அங்கூர்’ (1974). இந்திப் படம்தான்; மைக்கில் ஒருவர் தமிழில் சொல்வதாக ஏற்பாடு. வாய் பேசாத, காது கேளாத ஏழை ஒருவனைப் பண்ணையார் மகன் சாட்டையால் விளாசுகிறான். அதைப் பார்த்த சிறுவன் பண்ணை வீட்டுச் சன்னலில் கல்லெறிவதோடு படம் முடியும். அந்தக் கல்தான் அதிகாரிக்கு உறுத்தியது. ‘சட்டம் ஒழுங்கு கெடும்’ என்று மனுவைத் தள்ளிவிட்டார்.

தொண்ணூறுகளின் சாதிக் கலவரங்களால் அடிபட்ட தென்மாவட்டம் இது. அவர் பயந்ததில் வியப்பில்லை. அந்தப் பயத்துக்கு யார் வாயை அடைப்பது என்பதில்தான் வழக்கு.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போட்டேன். நம்பியிருந்தது எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம் தீர்ப்பை. வாலி கதை எழுத, லட்சுமி நடித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் பற்றியது அது. பிராமணப் பெண் ஒருத்தி பட்டியல் சாதிச் சான்றிதழ் காட்டி அதிகாரியாகிவிடுவாள். இடஒதுக்கீட்டுக்குச் சாதி அல்ல, வறுமையே அளவுகோல் என்பது படத்தின் வாதம்.

என் கட்சிக்காரத் தம்பி கேட்டான்: “வக்கீலண்ணே, நம்ம கோட்டாவுக்கு எதிரா எடுத்த படமாச்சே அது?”

“படம் அவங்களுதுப்பா. தீர்ப்பு எல்லாருக்கும்” என்றேன்.

அந்தப் படத்தின் ‘யு’ சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ரத்து செய்திருந்தது. வெளியிட்டால் வன்முறை வெடிக்கும் என்று மாநில அரசும் சொன்னது. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தேசிய விருது பெற்ற படத்துக்கு அரசே இப்படிச் சொல்கிறதே என்று வியந்தது. வெடிமருந்தில் பொறி விழுவதுபோல் ஆபத்து நேரடியாக இருந்தாலன்றிப் பேச்சை அடக்க முடியாது என்றது. மிரட்டலுக்கு அஞ்சிப் பேச்சை நிறுத்துவதல்ல, பேசுகிறவருக்குக் காவல் நிற்பதே அரசின் வேலை.

எங்களுக்கும் அனுமதி கிடைத்தது: இரவு பத்து மணிக்குள் முடிக்க வேண்டும், போலீஸ் பந்தோபஸ்து தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு.

“நம்மை இழிவுபடுத்துகிற படம், தடை வாங்கித் தாருங்கள்” என்று இன்று வருபவர்கள் உண்டு. அவர்களிடம் இந்த இரண்டு வழக்குகளையும் சொல்கிறேன். புண்படுத்தும் படத்தைத் திட்டலாம், எதிர்த்து எழுதலாம், பதிலுக்கு ஒரு படமே எடுக்கலாம். தடை என்ற ஆயுதத்தைக் கூர்தீட்டிக் கொடுத்தால், அது முதலில் பாய்வது ஆள்பலமில்லாத தெருவில் கட்டிய திரைமீதுதான்.