எரியாத பலகை

ஒரு மேசையின் மேல் எதைப் போடுவது என்று தீர்மானிக்க எங்களுக்கு ஒன்றரை மாதம் பிடித்தது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். எங்களுடைய அலுவலகத்திலும் சிரித்தார்கள். மாத அறிக்கையில் ‘பயிற்சி ஆரம்பமாகவில்லை, காரணம்: மேசை’ என்று நான் எழுதியிருந்ததை ஒருவர் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

அது 2018ஆம் ஆண்டின் தொடக்கம். மன்னார் மாவட்டத்தின் தெற்குக் கரையில், முசலிப் பிரிவிலுள்ள முள்ளிக்குளத்தைச் சேர்ந்த ஏழு பெண்களுக்குக் கண்ணாடி மணி செய்யும் பயிற்சியை ஒழுங்கு செய்யும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. அந்த ஊரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2007 செப்டெம்பரில் மக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். போன இடங்களில் ஐந்து வருடம் இருந்துவிட்டு 2012இல் திரும்பி வந்தபோது ஊர் கடற்படை முகாமாக இருந்தது. பக்கத்திலுள்ள மலங்காட்டில் கொட்டில் போட்டார்கள். 2017 மார்ச்சில் முகாமுக்கு முன்னால் குந்தி, ஒரு மாதத்துக்கு மேல் வெயிலிலும் பனியிலும் இருந்தார்கள். ஏப்ரல் 29ஆம் திகதி 100 ஏக்கர் விடப்படும் என்று அறிவித்தார்கள். அதில் எல்லாருடைய வளவும் அடங்கவில்லை. எங்கள் ஏழு பேரில் இரண்டு பேருக்கு மட்டுமே காணி திரும்பியிருந்தது.

கடல் தெரியும், நெல்லு தெரியும், ஓலை பின்னத் தெரியும். இவர்களுக்கு ஏன் கண்ணாடி மணி என்று நானும்தான் கேட்டேன். உதவி தந்தவர்களுடைய திட்டத்தில் அப்படி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் மன்னாருக்கு மணி புதிதல்ல. திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் என்பவர் தலைமையில் அகழாய்வு நடந்தது. யுத்தம் வந்ததால் அது இடையில் நின்றுபோனது. அங்கே மண்ணுக்குள்ளிருந்து சின்னச்சின்னக் கண்ணாடி மணிகள் வந்தன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் அப்படி மணிகள் கிடைத்திருக்கின்றன. ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் மண் உலையில் கண்ணாடியை உருக்கி, நீண்ட குழாயாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி மணி செய்யும் பழைய முறை நம் காலம்வரை வந்திருக்கிறது. முதல் நாள் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். சமூகவியல் படித்தவள் சொல்லாமல் இருப்பாளா! மூத்த அக்கா ஒருவர், “அப்ப மிஸ், மாந்தையில அவங்க எந்த மேசையில வச்சுச் செஞ்சாங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

நாங்கள் செய்யவிருந்தது வேறு முறை. கேஸையும் காற்றையும் கலந்து ஊதும் சின்ன பேர்ணரை மேசையில் பொருத்தி, அதன் சுவாலையில் கண்ணாடிக் குச்சியைப் பிடிக்க வேண்டும். சுமார் 700 பாகையில் கண்ணாடி இளகத் தொடங்கும். இன்னும் சூடேறித் தேன்போல் வழியும்போது, களிமண் குழம்பு பூசிக் காயவைத்த மெல்லிய கம்பியைச் சுழற்றிச் சுழற்றி அதிலே ஏற்ற வேண்டும். மணியைச் சூடான சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டுக் கம்பியை உருவினால் துளை தானாகவே இருக்கும். சொல்ல இலகு. ஆனால் பழகும் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது உருகிய கண்ணாடி கீழே விழும். கொதிக்கும் கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே, விழுகிற இடம் எது என்பதே முதல் கேள்வி.

பலகை மேசையில் முதல் நாளே கறுப்புக் கறுப்பாகச் சுட்ட தழும்புகள் விழுந்து புகைந்தன. அத்தோடு பலகையை விட்டோம். பிறகு ஒரு வீட்டு வேலையில் மிஞ்சிய ரைல்ஸ் இரண்டைக் கொண்டுவந்து போட்டோம். பளபளவென்று அழகாக இருந்தது. அரை மணித்தியாலத்தில் உருகிய துண்டொன்று விழுந்தது. ஒரே இடத்தில் மட்டும் சூடேறியதால் ரைல்ஸ் ‘டப்’பென்று வெடித்துப் பிளந்தது.

அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஏழு பேரில் மூன்று பேர் தரையில் கிடந்தார்கள். ஒருவர் மேசைக்கடியில் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே வெளியே வந்து, சேலையைத் தட்டிவிட்டு, “ரைல்ஸ் வேணாம் மிஸ்” என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சீமெந்துக் கல்லும் அப்படித்தான். உள்ளே ஊறியிருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகத் தெறிக்கவைக்கும். அதைப் பரீட்சித்துப் பார்க்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

தகரம் வெடிக்காது என்று தகரம் போட்டோம். கூரைத் தகரத்தின் மேல் பூசியிருப்பது நாகம். சுவாலை ஓரத்தில் நேரே பட்டபோது வெள்ளைப் புகை எழும்பியது. அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர் காய்ச்சல்போல் உடம்பு நடுங்கும் என்று வெல்டிங் செய்யும் தம்பி ஒருவன் எச்சரித்தான். தகரத்தையும் எடுத்தோம்.

அப்போதுதான் நான் அந்தச் சீற்றை வாங்கினேன். சீலிங்குக்கு அடிக்கும் தட்டையான அஸ்பெஸ்ரஸ் சீற். எரியாது, பாரமில்லை, விலையும் குறைவு. “இதுக்கு என்ன சூடு வச்சாலும் ஒண்டும் செய்யாது” என்று கடைக்காரர் சொன்னார். அக்காமார் கைவாளால் மேசையின் அளவுக்கு அறுத்தார்கள். வெள்ளைத் தூள் மேசையிலும் தரையிலும் அவர்களுடைய கைமயிரிலும் படிந்தது. ஓரத்தைச் செதுக்கிச் சீராக்கினார்கள். ஒருவருடைய மகள், நான்கு வயதுப் பிள்ளை, கீழே விழுந்த தூளைக் கூட்டிக் கூட்டிச் சிரட்டையில் மாச்சோறு சமைத்து விளையாடினாள். அதை நான் ஃபோனில் படமும் எடுத்தேன், அறிக்கையில் போடுவதற்காக.

மறுவாரம் பயிற்சி கொடுக்க வந்தவர் மேசையைக் கண்டதும் கொட்டிலுக்குள் காலே வைக்கவில்லை. வெளியே கூப்பிட்டு எனக்குத் தனியாகச் சொன்னார். அஸ்பெஸ்ரஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத நார்களாலான கல். அறுத்தால், சுரண்டினால், உடைத்தால் அந்த நார் தூளோடு காற்றில் எழும்பும். நெஞ்சுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். நுரையீரலிலும் அதைச் சுற்றியுள்ள சவ்விலும் புற்றுநோய் வரக்கூடும். வருவதானால் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் வரும். எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இந்தப் பெயரை நான் பத்திரிகையில் அடிக்கடி கண்டிருக்கிறேன் என்பதுதான் வெட்கம். 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்ரஸ் இறக்குமதியைக் குறைப்பதென்று நம் அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் ஒரு பொதியில் வண்டு இருந்ததென்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்ரஸ் பெருமளவில் வருவதும் ரஷ்யாவிலிருந்துதான். தேயிலை திரும்பப் போனது, அஸ்பெஸ்ரஸ் கட்டுப்பாடு தள்ளிப்போனது. இவ்வளவையும் அரசியல் செய்தியாக வாசித்துவிட்டு, கடைக்குப் போய் அதே சீற்றைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

ஏழு பேரையும் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். சொல்வதா விடுவதா என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் அறுத்ததால் நோய் வரும் என்று இல்லை, நாள்தோறும் அதிலே வேலை செய்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்றும் சொன்னேன். பிள்ளையின் தாய் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் குளிப்பாட்டினாள். ஒரு வாரம் பிந்திய குளிப்பு.

சீற்றை நனைத்து, தடித்த பொலித்தீனில் சுற்றி, தூளைக் கூட்டாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் சேர்த்துக் கட்டி, குடியிருப்புக்கு வெளியே ஆழமாகக் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். மேலே அடையாளத்துக்கு ஒரு கல். மண்ணை மூடிக்கொண்டிருந்த அக்கா, “மிதிவெடி புதைச்சவனும் இப்படித்தான் கல்லு வச்சிருப்பான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழேதான் இருக்கிறீர்கள். உடையாமல் கிடக்கும் கூரையைக் கண்டு பயப்பட வேண்டாம். அதை அறுக்க, துளைக்க, தேய்த்துக் கழுவ வேண்டாம். உடைந்த துண்டை அடுப்புக்கு மறைப்பாக வைப்பதும், கோழிக்கூட்டுக்குத் தட்டி அடிப்பதும், முற்றத்தில் போட்டு மிதிப்பதும் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றைத்தான் விட வேண்டும். வேறு வழியின்றி உடைந்ததைத் தூக்க நேர்ந்தால் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டுத் தூக்குங்கள். பிள்ளைகள் அருகில் நிற்கக் கூடாது.

மேசைக்கு வருகிறேன். செங்கல் என்பதை மூத்த அக்காதான் சொன்னார். செங்கல் ஏற்கெனவே சூளையில் 800, 900 பாகைச் சூட்டைக் கண்டு வந்தது. விழும் கண்ணாடித் துண்டுக்கு அது அசையாது. அப்படியானால் செங்கல்லை வரிசையாக வைத்துச் சாந்து போட்டு நிரந்தரமான மேடையாகக் கட்டிவிடலாம் என்று நான் உற்சாகமாகப் படம் கீறிக் காட்டினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை. எங்கள் பெண்கள் ‘சரி மிஸ்’ என்று சொல்லிவிட்டு வேலைக்கு வராமல் இருப்பார்கள், அதுதான் அவர்களுடைய ‘வேண்டாம்’. மூன்று நாள் யாரும் வரவில்லை.

நாலாம் நாள் நானே போய்க் கேட்டேன். “இஞ்ச சீமெந்து போட்டுக் கட்டினா, நாங்க இஞ்சயே இருக்கப் போறம் எண்டு ஆயிரும்” என்றார் ஒருவர். மலங்காட்டில் ஆறு வருடமாகக் கொட்டில்களில் இருந்தவர்கள் சீமெந்து பூசிய திண்ணைகூட வைக்காதது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. காணி விடப்பட்டால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போகக்கூடிய மேசை அவர்களுக்கு வேண்டும். சூடு தாங்குமா, வெடிக்குமா, நஞ்சா என்றெல்லாம் கேட்ட நான், தூக்கலாமா என்று கேட்க மறந்திருந்தேன்.

கடைசியில் வெல்டிங் தம்பிதான் செய்து தந்தான். நாகம் பூசாத வெறும் இரும்புத் தகட்டில் நாலு பக்கமும் இரண்டு விரல் உயரத்துக்கு விளிம்பு மடித்த ஒரு பெரிய தட்டம். கீழே இரும்புக் கால்கள். தட்டத்துக்குள் செங்கற்கள் சாந்தில்லாமல் நெருக்கமாக அடுக்கப்பட்டன. இடைவெளிகளில் வறுத்த மணல். விழுந்த துண்டு உருண்டு மடிக்குப் போகாமல் விளிம்பு தடுக்கும். செங்கற்களை எடுத்துவிட்டால் இரண்டு பேர் தட்டத்தைத் தூக்கலாம். மேசை வைத்த மூலையில் கிடுகைக் கழற்றி மண் சுவர் எழுப்பினோம். கேஸ் சிலிண்டர் வெளியே நின்றது. நைலெக்ஸ் சேலையோடு யாரும் மேசைக்கு முன் இருப்பதில்லை என்று அவர்களே ஒரு சட்டம் போட்டார்கள். அந்தத் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும்.

செங்கற்களைக் கடையில் வாங்கவில்லை. காணி திரும்பிய இரண்டு பேரில் ஒருவருடைய வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கற்குவியலும் மட்டும் மிஞ்சியிருந்தன. அவர் அந்தக் குவியலில் நல்ல கற்களாகப் பொறுக்கி ஒரு சாக்கு கட்டிக்கொண்டு வந்தார். பழைய சாந்தை ஒரு துளியும் விடாமல் சுரண்டினோம், அதிலே ஈரம் நிற்கும் என்பதால். ஒரு கிழமை வெயிலில் போட்டு, பிறகு தணலில் வைத்து மெல்லச் சூடேற்றிக் காயவைத்தோம். ஒரு கல்லில் சுவருக்குப் பூசிய நீல நிறம் ஒட்டியிருந்தது. “அது எங்கட முன் அறை” என்றார். அந்தக் கல்லைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மூன்று வருடம் மணி செய்தார்கள். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். சாம்பலில் ஆறவிட்ட மணிகளில் பத்துக்கு இரண்டு கீறிப்போகும். 2021 கடைசியில் நாடு முழுக்கக் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்தி வந்ததும் மூன்று பேர் மேசைக்கு வருவதை நிறுத்தினார்கள். நானும் வற்புறுத்தவில்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் வாங்கக் கேஸ் இருக்கவில்லை. மணி வேலை அத்தோடு நின்றது.

அந்த வருடம் ஆவணியில் போனபோது மேசை வெறும் தட்டமாக நின்றது, அதிலே நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது. செங்கற்களை ஆளுக்கு ஆறாகப் பிரித்து விறகடுப்புக்கு வைத்துவிட்டார்கள். நீல நிறக் கல் அதன் சொந்தக்காரருடைய அடுப்பில் முன்பக்கமாக இருந்தது, கரி பிடித்து நிறம் போயிருந்தது. சிரட்டையில் மாச்சோறு சமைத்த பிள்ளை அப்போது மூன்றாம் வகுப்பு. அவளுடைய தாய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, “மிஸ், நாப்பது வருசம் எண்டு சொன்னீங்க, அப்ப இவளுக்கு எத்தனை வயசு?” என்று கேட்டாள்.

நாற்பத்து நான்கு என்றேன்.

“அப்ப நான் இருக்க மாட்டன், நீங்க பாத்துக்கொள்ளுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.