யோசிக்க வேண்டாம் என்றார் மருத்துவர்

திருக்கடலூரிலிருந்து எம் வகுப்புக்கு வரும் மாணவன் ஒருவனின் தாய்க்குத் தடிமன் மாறுவதேயில்லை. ஒன்று தணியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். "டொக்டர் யோசிக்க வேண்டாமெண்டு சொல்லுறார், சேர். கடன்காரன் வாசலில நிக்கேக்க எப்பிடி யோசிக்காமல் இருக்கிறது?" என்று எம்மிடம் கேட்டார். நாமோ தமிழ் படித்துப் பட்டம் பெற்றவர், மருத்துவம் அறியோம். ஆயினும் அக்கேள்வி எம்மை நூல்களைத் தேடவைத்தது.

அச்சமோ கவலையோ நேருங்கால், சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள சுரப்பிகள் கோட்டிசோல் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. அழற்சியை அடக்கிவைப்பதும் அதன் பணிகளுள் ஒன்று. கவலை நீடித்தால் அந்த ஓமோன் வற்றிவிடும் போலும் என்றே நாம் எண்ணியிருந்தோம். செய்தி வேறாயிருந்தது. 2012ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் ஷெல்டன் கோகன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நலமாயிருந்த 276 பேரின் மூக்கில் தடிமன் வைரசை இட்டுக் கவனித்த ஆய்வு அது. நெடுநாள் துன்பத்தில் உழன்றவர்களின் வெண்குருதிக் கலங்கள் கோட்டிசோலின் கட்டளைக்குச் செவிசாய்க்கும் திறன் குன்றியிருந்தன. அத்தகையோரே தடிமனுக்கு அதிகம் ஆளாயினர். ஓமோன் இருக்கிறது, கேட்பாரில்லை. தும்மலும் சளியும் பெரிதும் அடங்காத அழற்சியின் வேலையே.

கொடுமைகளைக் கண்டு மீண்டோர் சிலரிடம், நேர்மாறாக, இச்செவி மிகக் கூர்மையாகிவிடுவதை றேச்சல் யெகூடா என்ற ஆய்வாளர் கண்டார். 2004 திசம்பர் 26இன் அலையைச் சிறுவராய்க் கண்ட நமக்கு, கடல் சற்று உள்வாங்கினாலும் இன்றும் நெஞ்சு படபடக்கும். அது எவ்வகையோ!

அத்தாயின் கடன் 2022இல் தொடங்கியது. மண்ணெண்ணெய்க்காகக் கணவர் நாட்கணக்கில் வரிசையில் நின்றார். வள்ளம் கரையில் கிடந்தது. முதலில் நகை அடகு போயிற்று, பின் வாரக்கடன் வந்தது. பிரித்தானியர் தம் போர்க்கப்பல்களுக்கெனக் கட்டிய எண்ணெய்க் குதங்கள், 1942 ஏப்ரல் 9இன் யப்பானியக் குண்டுவீச்சுக்குத் தப்பியவை, துறைமுகத்துக்கு அப்பால் சீனன்குடாவில் 99 நிற்கின்றன. அவ்வரிசை நீண்ட நாட்களில் அவற்றுட் பெரும்பாலானவை வெறுமையாய்க் கிடந்தன. இதை எந்த மருத்துவர் குறிப்பேட்டில் எழுதுவார்?

தடிமனுக்கு இதுவே காரணம் என்று அறுதியிட நாம் யார்? ஆயினும் படித்ததைச் சொன்னோம். "அப்ப அந்தக் கலங்களுக்குக் காது கேக்க மருந்து இருக்கோ, சேர்?" என்றார். விடை தெரியாமல், கடன் அட்டையைக் கொண்டுவரச் சொன்னோம். கட்டியது எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எவரும் அவருக்குக் கணக்குக் காட்டியதில்லை. சனிக்கிழமை அவருடன் நாமும் சென்று, அக்கணக்கை எழுத்தில் கேட்கவிருக்கிறோம்.