பெயர் வெட்டியவர்களின் வழி

சென்னையிலிருந்து மாமல்லபுரம் என்றாலே கிழக்குக் கடற்கரைச் சாலைதான். வழியில் ஒரு காபி, போனதும் கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு முன்னால் ஒரு படம், பொரித்த மீன், திரும்பல். ஒரு பகல் முழுக்கக் கையில் இருந்தால் கொல்லைப்புற வழியாகப் போங்கள் என்பேன். செங்கல்பட்டு, வல்லம், திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், அங்கிருந்து கடலோரமாக வடக்கே ஏறி மாமல்லபுரம், சாளுவன்குப்பம். எல்லாம் சேர்ந்தாலும் அறுபது கிலோமீட்டருக்குள்தான். கல்லைக் கண்டால் பெயர் வெட்டாமல் போக மாட்டாத மனிதர்கள் வழி நெடுகக் கிடைப்பார்கள்.

செங்கல்பட்டுக் கோட்டைக்காக அதிகம் மெனக்கெட வேண்டாம். 1752இல் கிளைவ் பிடித்த கோட்டை அது. இன்று தேடிப் பார்க்கும் அளவுக்கே மிச்சம். கொளவாய் ஏரிக்கரைக் காற்றை வாங்கிக்கொண்டு வல்லத்துக்கு நடையைக் கட்டலாம். திருக்கழுக்குன்றம் சாலையில் சில கிலோமீட்டர் போனதும் சின்னக் குன்று, அதில் குடைவரைகள். மேலுள்ளது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. ஆனால் குடையச் செய்தவன் மன்னன் அல்ல. அவனுக்கு அடங்கிய வசந்தப்பிரியராசனின் மகன் கந்தசேனன். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டில் பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று பேரரசனின் பட்டங்களும் உண்டு, கந்தசேனன் பெயரும் உண்டு. செலவு செய்தவன் ஒருவன், விருது இன்னொருவனுக்கு. நம் ஊர் பேருந்து நிழற்குடைகளில் இந்த மரபு இன்றும் குறைவில்லாமல் நடக்கிறது.

திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் உணவு வாங்கிய மலை இது. அவை பாறு இனப் பறவைகள், இப்போது வருவதில்லை. மலைச்சரிவில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபம் இருக்கிறது. பக்தர் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. உள்ளே போய்த் தூணையும் சுவரையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தேவர்களுக்கு நடுவே ரோமன் எழுத்துகள்! சாக்பீஸ் கிறுக்கல் அல்ல. உளி பிடித்துப் பொறுமையாக வெட்டிய டச்சுக்காரர் பெயர்கள், 17ஆம் நூற்றாண்டு ஆண்டுகளோடு. இன்று யாராவது செய்தால் தொல்லியல் துறை வழக்குப் போடும். முந்நூறு ஆண்டு கடந்துவிட்டதால் அதுவே தொல்பொருளாகிவிட்டது.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிய, மலையிறங்கிக் கடலை நோக்கிப் போக வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம்தான் டச்சுக் கம்பெனியின் கிடங்கு. இந்தக் கரையின் மெல்லிய பருத்தித் துணிக்காக வந்தவர்கள். மூட்டைகளைக் காக்கச் செங்கல் கோட்டை கட்டினார்கள். வெள்ளைக்காரர் உச்சரிப்பில் ஊர்ப்பெயர் ‘சத்ராஸ்’ ஆயிற்று. 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரி 17இல் எதிர்க்கடலில் சுஃப்ரானின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. 1824 உடன்படிக்கையோடு டச்சுக்காரர் கடையைக் கட்டினார்கள்.

கோட்டைக்குள் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் கல்லறை முற்றம். பூட்டியிருந்தால் காவலரைக் கேளுங்கள். படுத்த கற்பலகைகள், குடும்பச் சின்னம், சுருள்கொடி, அதன் கீழே நெருக்கமாக டச்சு வரிகள். எழுத்து குழியாக அல்ல, சுற்றிலும் கல்லைக் கொத்தி எடுத்துப் புடைப்பாக விட்டது. கையால் தடவினால் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பும் இன்னும் தட்டுப்படுகிறது. குன்றின் மேல் வேடிக்கையாகப் பெயர் வெட்டியவர்கள் இங்கே வேறு வழியில்லாமல் பெயராகக் கிடக்கிறார்கள். மாமல்லபுரத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் இழப்பது இந்த முற்றத்தை என்பது என் கட்சி.

மாமல்லபுரத்தில் இந்தப் பயணத்துக்குத் தருமராஜ ரதம் மட்டும் போதும். அதில் அரசப் பட்டங்கள் நிறைய. மீதியை இன்னொரு நாளைக்கு வையுங்கள். வடக்கே ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். புலிக்குகைக்குப் பக்கத்திலேயே அதிரணசண்டன் குடைவரை. ஒரே வடமொழிச் செய்தியை ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ப்பக்கச் சுவரில் நாகரியிலும் வெட்டி வைத்திருக்கிறான் பல்லவ மன்னன் ராஜசிம்மன். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இருநூறுக்கு மேற்பட்ட பட்டங்களைப் பொறித்தவனுக்கு ஒரே எழுத்தில் எழுதினால் மனம் நிறையுமா?

பக்கத்து மணல்மேட்டில்தான் 2004 சுனாமி ஒரு பாறைக் கல்வெட்டை வெளியே காட்டியது. அது சொன்ன திருவிழிச்சில் முருகன் கோயிலைத் தேடி 2005இல் தொல்லியல் துறை தோண்டியது. மேலே பல்லவர் காலக் கல் அடித்தளம், அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். வடக்குப் பார்த்த அமைப்பு, முன்னால் ஒரு கல் வேல். செங்கல் அடுக்கு சங்க காலத்தது என்று தோண்டியவர்கள் கருதுகிறார்கள். புலிக்குகையில் வண்டியை நிறுத்தி, ஐஸ் வாங்கிக்கொண்டு, அப்படியே திரும்பிவிடுகிறவர்கள் பலர். சில நிமிட நடைதான், மணலில் கால் சுடும், செருப்பைக் கழற்றாதீர்கள்.